வார்டு கணினிக்கு டேப் கார்டு: பின் நம்பர் வேண்டுமா, வேண்டாமா?

பச்சைபேட்ஜ்:
எங்கள் மருத்துவமனையில் வார்டுக்கு இரண்டு கணினி, ஷிஃப்டுக்கு ஆறேழு நர்ஸ், எல்லாருக்கும் ஒரே லாகின். கடவுச்சொல்லை மானிட்டர் ஓரத்தில் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இதற்கு முடிவு கட்ட, வருகைப் பதிவுக்குத் தந்த கார்டையே ரீடரில் தட்டினால் அவரவர் பெயரில் திறக்கும்படி செய்யப் போகிறேன். பின் நம்பர் எதற்கு? தட்டு, வேலையைப் பார், தட்டிவிட்டுப் போ.

ரீடர்ராமு:
கார்டு 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் பழைய ரகமா என்று முதலில் பாருங்கள். அதில் பெரும்பாலானவை யார் கேட்டாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும், குறியாக்கம் கிடையாது. நகலெடுக்கும் கருவி ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது, கேன்டீன் வரிசையில் உரசி நின்றால் போதும். மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு ரகமும் வேண்டாம், 2008லேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதன் குறியாக்கத்தை உடைத்துவிட்டார்கள். வலுவான குறியாக்கம் உள்ள டெஸ்ஃபயர் கார்டு வாங்கிவிட்டு, ரீடரை வெறும் யூஐடி, அதாவது கார்டின் வரிசை எண்ணை, மட்டும் படிக்க விட்டீர்கள் என்றால், பழைய குருடி கதவைத் திறடிதான்.

பச்சைபேட்ஜ்:
மானிட்டரிலேயே கடவுச்சொல் தொங்குகிற இடத்தில் கார்டை எவன் சார் நகலெடுக்கப் போகிறான்?

நைட்ஷிஃப்ட்:
நான் நர்ஸ். ராத்திரி 2 மணிக்கு ஒன்பதாம் பெட்டுக்கு இன்சுலின் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றிப் பதிவு செய்ய வந்தால், முந்தைய சிஸ்டர் திறந்து வைத்த திரை அப்படியே இருக்கும். போன மாதம் அதிலேயே ஏற்றிவிட்டேன், மறுநாள் டாக்டர் அவரைப் பிடித்துக் கேள்வி கேட்டார். ஆகவே கார்டு வேண்டும்தான். ஆனால் தட்டும்போதெல்லாம் பின் கேட்டால், ஒருவர் திறந்ததில் எல்லோரும் வேலை செய்வோம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ரீடர்ராமு:
எப்போதும் கேட்கச் சொல்லவில்லையே சிஸ்டர். ஷிஃப்டில் முதல் தட்டலுக்கு மட்டும் பின் நம்பர், அப்புறம் நாலு மணி நேரம் வெறும் தட்டல். அடுத்தவர் தட்டினால் முந்தையவர் திரை தானாக மூட வேண்டும். விண்டோஸ் பொதுக் கணக்கிலேயே ஓடட்டும், இல்லாவிட்டால் ஆள் மாறும்போதெல்லாம் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். மருத்துவமனை மென்பொருள் மட்டும் ஆளுக்கேற்ப மாறினால் போதும்.

பச்சைபேட்ஜ்:
பொதுக் கணக்கு என்றால் ஒருவர் டவுன்லோட் செய்த ஸ்கேன் ரிப்போர்ட் அடுத்தவருக்கும் தெரியுமே? பாதுகாப்பு பேசும் நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி?

ரீடர்ராமு:
சரி, அது நியாயம். திரை மூடும்போதே அந்தக் கோப்புறையையும் பிரவுசரையும் துடைக்கும் ஸ்கிரிப்ட் போட்டாக வேண்டும்.

நைட்ஷிஃப்ட்:
கார்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தால்?

பச்சைபேட்ஜ்:
இன்சார்ஜ் சிஸ்டரிடம் நாலு தற்காலிகக் கார்டு கொடுத்து வைக்கிறேன்.

நைட்ஷிஃப்ட்:
டிராயரில் நாலு கார்டு கிடந்தால் ஒரே வாரத்தில் வார்டு முழுக்க அதைத்தான் தட்டும் தம்பி.

ரீடர்ராமு:
ஐடி (கணினி) பிரிவிலிருந்து ஆள் பெயரில் கொடுங்கள், ஷிஃப்ட் முடிந்ததும் தானாகச் செத்துவிட வேண்டும். ராத்திரியில் உங்கள் ஐடியில் போன் எடுக்க ஆள் இருக்கிறதா?

பச்சைபேட்ஜ்:
எட்டு மணி வரைதான் சார்.