வாசல் டியூப்லைட்டுக்கு வரும் அத்தி விட்டில்

விட்டில் படம் போடும் நம் குழுவில் அட்லஸ், நிலா விட்டில் என்று பெரிய ஆட்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள். என் பங்குக்கு யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்று: அசோட்டா கேரிக்கே (Asota caricae) என்ற அத்தி விட்டில். இந்தியாவில் தொடங்கி ஆஸ்திரேலியா வரை இருக்கிற சாதாரண விட்டில். சாதாரணம் என்பதாலேயே பதிவில் ஏறாமல் போகிறது.

எங்கள் வீடு வேலந்தாவளத்தில், கோவை எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளாவில். வாய்க்கால் ஓரம் பேயத்தி மரம் நிற்கிறது. இந்த விட்டிலின் புழு பெரும்பாலும் தின்பது அத்தி இனத்து இலைகளை என்பதால், மழைக்காலத்தில் வாசல் டியூப்லைட்டுக்கு வந்து சேருவதில் ஆச்சரியமில்லை. பல்லி முந்துவதற்குள் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தம்பி, “ஏனுங்ணா, வெறும் சுவத்தப் போட்டோ புடிக்கறீங்க?” என்றான். டார்ச்சை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

முன்சிறகு பழுப்பு. உடலை ஒட்டிய அடிப்பகுதியில் மஞ்சள் கலந்த ஆரஞ்சுத் திட்டு, அதில் கறுப்புப் புள்ளிகள். இதுவரை பார்த்துவிட்டுப் பெயர் போட்டுவிடக் கூடாது. இதன் நெருங்கிய உறவான அசோட்டா ஃபைகஸும் (Asota ficus) இப்படியே இருக்கும், அதுவும் அத்தியில் வளர்வதுதான். சிறகின் நடுவைப் பாருங்கள். தனியாக ஒரு வெள்ளைப் பொட்டும், நரம்புகளில் வெளிறிய கோடுகளும் இருந்தால் கேரிக்கே. ஆரஞ்சுத் திட்டிலிருந்தே ஒரு வெள்ளைக் கோடு கிளம்பி நடுச்சிறகு வரை ஓடினால் ஃபைகஸ். இரண்டுக்கும் 1775இல் பெயர் வைத்தவர் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ்தான். பின்சிறகு மஞ்சள், உட்கார்ந்திருக்கும்போது மறைந்திருக்கும். புல் நுனியால் லேசாகத் தொட்டால் ஒரு நொடி விரித்துக் காட்டும். ஃபிளாஷ் போட்டால் வெள்ளைப் பொட்டு வெளிறிக் கலைந்துவிடுகிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெளிவாக விழும்.

உயிரினப் படங்களை இடத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றும்போது எங்களுக்கு ஒரு எல்லைத் தொல்லை. இடம் எவ்வளவு துல்லியம் என்று காட்டும் ஜிபிஎஸ் வட்டம் கொஞ்சம் பெரிதானாலும் பாதி தமிழ்நாட்டுக்குள் விழுந்துவிடும். குறியைக் கையால் நகர்த்தி வீட்டின்மேல் வைத்து, வட்டத்தையும் சுருக்கிவிடுவேன். அப்புறம், செயலி முதலில் காட்டும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். இன்னொருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆமோதித்தால் தப்பான பெயரே உறுதியான பதிவாகிவிடும். குறிப்பில் ‘பேயத்தி அருகில், டியூப்லைட்’ என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. பகலில் அந்த மரத்தின் இலைகளைத் திருப்பிப் பார்த்துப் புழுவையும் ஏற்றினால், இங்கேதான் வளர்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எங்களைப் போலவே மாநில எல்லையில் இருக்கிற புளியரை, குமுளி, குப்பம் பக்கத்து ஆட்களே, உங்கள் வாசலுக்கு இந்த இரண்டில் எது அதிகம் வருகிறது? படத்தோடு சொல்லுங்கள்.