மலை போன்ற முன்வரிசைக்கு எதிராக ஓட்டம்: சோன் பிளாக்கிங்கா, கவுண்டரா?

இளங்கோ:
அமெரிக்கக் கால்பந்தில் பலமான தடுப்பு முன்வரிசை எதிரே நின்றால் பந்தோடு ஓடுவதை மறந்துவிட்டு பாஸைத்தான், அதாவது பந்தை எறிவதைத்தான், நம்ப வேண்டும் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1998 ஜனவரி 25 அன்று சான் டியாகோவில் நடந்த 32-வது சூப்பர் பௌலை, அதாவது லீக்கின் இறுதிப்போட்டியைப் பாருங்கள். கிரீன் பே அணியின் முன்வரிசையில் ரெஜி ஒயிட், சான்டானா டாட்சன், நடுவில் 345 பவுண்டு கில்பர்ட் பிரவுன். டென்வரின் பிளாக்கர்களோ (ஓடுபவருக்கு வழிவிட எதிரிகளை மறிப்பவர்கள்) அந்தக் காலத்துக்கே எடை குறைந்தவர்கள். ஆனாலும் டென்வரின் ஓட்டக்காரர் டெரல் டேவிஸ் 30 முறை பந்தை வாங்கி 157 யார்டு ஓடினார், மூன்று டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) போட்டார். ஒற்றைத் தலைவலியால் இரண்டாம் கால்பகுதியில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தும் இத்தனை! டென்வர் 31-24 என்று ஜெயித்தது. பந்தை எறியும் குவாட்டர்பேக் எல்வே அன்று பாஸில் எடுத்தது 123 யார்டுதான், அதில் டச்டவுனே இல்லை.

இதற்குக் காரணம் டென்வர் பிளாக்கர்களின் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் கற்றுக்கொடுத்த சோன் பிளாக்கிங். பிரவுனைப் பின்னால் தள்ள யாரும் முயலவில்லை. பிளாக்கர்கள் ஐவரும் ஒரே பக்கமாக அடியெடுத்து வைத்தால் அவரும் கூடவே பக்கவாட்டில் ஓடியாக வேண்டும். அவ்வளவு கனமான ஆளை நான்கு கால்பகுதியும் அப்படி ஓடவிட்டால் கடைசியில் கால் நகராது. டேவிஸ் வெளிப்பக்கம் போவது போல ஓடி, எந்த இடைவெளி திறக்கிறது என்று பார்த்து, ஒரே ஒரு வெட்டில் உள்ளே திரும்பினார். ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற தடுப்பாளரின் காலுக்குக் கீழே பிளாக்கர் விழுந்து மறித்ததால் டேவிஸைப் பின்னாலிருந்து துரத்திப் பிடிக்க ஆளில்லை.

பாண்டியன்:
இளங்கோ, ஒரு நல்ல நாளை வைத்து முறையையே தூக்கி வைக்கிறீர்கள். அதே டென்வர், அதே தலைமைப் பயிற்சியாளர் ஷானஹன், அதே அலெக்ஸ் கிப்ஸ். 2000 சீசனில் மைக் ஆண்டர்சன் என்ற புதுமுகம் அந்த முறையில் 1,487 யார்டு ஓடினார். பிளே-ஆஃபில் பால்டிமோரைச் சந்தித்தபோது என்ன ஆனது? 21-3 தோல்வி, ஒரு டச்டவுன்கூட இல்லை. பால்டிமோர் அந்த சீசனின் 16 ஆட்டங்களில் ஓட்டத்தில் விட்டுக்கொடுத்தது மொத்தமே 970 யார்டு. அதன் டேக்கிள்கள் (தடுப்பு முன்வரிசையின் நடு ஆட்கள்) சாம் ஆடம்ஸும் டோனி சிராகுசாவும் நடுவில் நின்று டென்வரின் நடு பிளாக்கர்களான சென்டரையும் கார்டுகளையும் கட்டிப்போட்டார்கள். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ரே லூயிஸை மறிக்க ஆளே மிஞ்சவில்லை. சோன் முறையில் இருவர் சேர்ந்து எதிரணி டேக்கிளைத் தொட்டு, ஒருவர் விலகி லைன்பேக்கரிடம் போக வேண்டும். அந்த டேக்கிள் அசையாவிட்டால் விலகிப்போவது எப்படி?

என் வழி வேறு. டபுள் டீம் (ஒருவரை இருவர் சேர்ந்து மறிப்பது) போடுகிறீர்களா, கடைசிவரை போடுங்கள். ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நம் கார்டையும், வரிசை ஓரத்தில் நிற்கும் நம் டேக்கிளையும் மறிக்க இழுத்து வந்து கவுண்டர் ஓடுங்கள். 1988 ஜனவரியில் வாஷிங்டனின் டிம்மி ஸ்மித் 204 யார்டு ஓடியபோது எதிரே இருந்தது இதே டென்வர்தான்.

இளங்கோ:
பாண்டியன் சார், அந்த டென்வர் முன்வரிசை எடைக்குப் பேர் போனது இல்லை. வேகத்தையும் இடம் மாறுவதையும் நம்பிய சின்ன உடம்புக்காரர்கள். கனமான வாஷிங்டன் லைன் அவர்களைத் தள்ளியது பெரிய விஷயமில்லை. நாம் பேசுவது தள்ள முடியாதவர்களைப் பற்றி. கார்டையும் டேக்கிளையும் இழுத்தால் அவர்கள் விட்டுப்போன இடத்தை யார் அடைப்பது? டாட்சன் மாதிரி ஆள் அந்த ஓட்டையில் புகுந்து பந்து கைமாறும் இடத்திலேயே பிடித்துவிடுவார்.

மீனா:
இருவரும் ஐந்து பிளாக்கர்களையும் நான்கு முன்வரிசைக்காரர்களையும் மட்டும் எண்ணுகிறீர்கள். என் கண்ணில் அந்த சூப்பர் பௌலின் முக்கியமான ஆள் லிராய் பட்லர். கிரீன் பேயின் சேஃப்டி (பின்னால் நிற்கும் தடுப்பாளர்), பாக்ஸுக்குள், அதாவது முன்வரிசைக்கு அருகே, எட்டாவது ஆளாக இறங்கி ஓட்டத்தைக் கெடுப்பவர். டென்வர், பாஸ் பிடிப்பவர்களான டைட் எண்ட் ஷானன் ஷார்ப்பையும் ரிசீவர்களையும் இடம் மாற்றி நிறுத்தி பட்லரை நடுவிலிருந்து நகர்த்தப் பார்த்தது. அவர் எங்கே இறங்கினாலும் அவருக்கென்று ஒரு பிளாக்கர் இருக்கும்படி திட்டம் போட்டது. ஓட்டக்காரருக்கு முன்னால் ஓடி மறிக்கும் ஃபுல்பேக் ஹோவர்ட் கிரிஃபித் அப்படித்தான் மதிப்பு மிக்கவரானார். ஆட்களை எண்ணிப் பாருங்கள், எட்டுப் பேரை ஏழு பேர் எந்த முறையிலும் மறிக்க முடியாது.

2000-ல் டென்வர் தோற்றதற்கும் இதுதான் காரணம் என்பேன். எல்வே ஓய்வு பெற்றுவிட்டார், அடுத்த குவாட்டர்பேக் கிரீசிக்குக் காயம், அவருக்குப் பதில் ஃப்ரெராட் ஆடினார். குவாட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடி வந்து எறிவார் என்ற பயம் இல்லாதபோது சேஃப்டி ஏன் பின்னால் நிற்கப் போகிறார்?

பாண்டியன்:
அப்படியானால் ஜெயித்தது சோன் இல்லை, எல்வே மீதான பயம்! இளங்கோ இதற்கு என்ன சொல்கிறார்?

இளங்கோ:
பயம் சேஃப்டியைத்தான் பின்னால் நிறுத்தும். பிரவுனை நகர்த்தியது டென்வர் பிளாக்கர்கள் டாம் நாலனும் மார்க் ஷ்லெரத்தும். மூன்றாம் கால்பகுதியில் 13 முறை பந்தை ஆடி 92 யார்டு முன்னேறிய டென்வரின் நீண்ட தொடரைப் பாருங்கள். எல்வே காற்றில் சுழன்று விழுந்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தொடரில் கிரீன் பே முன்வரிசை மூச்சு வாங்குவதை யாரும் பேசுவதில்லை.

பாண்டியன்:
அந்தத் தொடரை ஏற்கிறேன். ஆனால் ஆட்டம் முடிய 1:45 இருக்கும்போது வந்த கடைசி டச்டவுனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேரத்தை மிச்சப்படுத்த கிரீன் பேயே வழிவிட்டது. இன்னொன்று, காலுக்குக் கீழே விழும் அந்த பிளாக்குகளுக்கு இப்போது கட்டுப்பாடு அதிகம். ஒருவர் மேலே பிடித்திருக்கும்போது இன்னொருவர் காலில் விழுவதை 2016-ல் அடியோடு தடை செய்தார்கள். அதில்லாமல் உங்கள் டேவிஸுக்கு உள்ளே திரும்ப அவ்வளவு இடம் கிடைத்திருக்குமா?

மீனா:
தடை சரியானதுதான். முழங்கால் போனால் ஒருவரின் தொழிலே போய்விடும். ஆனால் அது இல்லாமலும் இந்த முறை ஓடுகிறது. ஷானஹனின் மகன் கைல் சான் பிரான்சிஸ்கோவில் இதே சோன் ஓட்டத்தை அடித்தளமாக வைத்திருக்கிறார். கூடவே, பாண்டியன் சார் விரும்பும் இழுத்து மறிக்கும் ஆட்டங்களையும் கலக்கிறார். முன்வரிசை பக்கவாட்டில் ஓடத் தயாராக நிற்கும்போது எதிர்ப்பக்கமாக ஒரு கவுண்டர். முதலில் சோன் ஓடிக் காட்டியிருந்தால்தான் அது எடுபடும்.

பாண்டியன்:
எந்த ஆட்டம் முதலில் என்பதில்தான் எனக்கு மறுப்பு. மூன்றாவது டவுனில் (முயற்சியில்) ஒரு யார்டு தேவை, எதிரே ஆடம்ஸும் சிராகுசாவும். அங்கே பக்கவாட்டில் ஓட நேரமில்லை. நான் டபுள் டீம்தான் போடுவேன்.

இளங்கோ:
அந்த ஒரு யார்டை உங்களுக்கே விட்டுத் தருகிறேன். முதல் டவுனில் பத்து யார்டு இருக்கும்போது நான் சோன்தான் ஓடுவேன், பிரவுன் களைக்கும்வரை.