கெயினுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்

வில்லியனூர் ஒலியமைப்பாளர், திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு வில்லியனூரில் மைக்செட் வேலைக்கு வரும் பையன்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுக்கிறேன். பல மைக்குகளின் ஒலியைச் சேர்த்து அளவு வைக்கும் மிக்ஸரை எப்படி இணைப்பது, எப்படி இயக்குவது, அவ்வளவுதான் பாடம். 20 பேர் போல வருவார்கள். பெரும்பாலும் தமிழ்வழியில் பத்தாவது வரை படித்தவர்கள். 12 பக்கக் கையேடு எழுதி முடித்துவிட்டேன், ஒரே ஒரு சொல்லைத் தவிர. வெள்ளி மாலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

அந்தச் சொல் கெயின். மிக்ஸரில் ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது ஒரு மைக்குக்கு உரிய வரிசைக்கும், உச்சியில் இருக்கும் குமிழ் அது. அடியில் மேலும் கீழும் தள்ளுவது ஃபேடர். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை வேலைக்கு ஆகும் அளவுக்கு, ஏறத்தாழ 1 வோல்ட் பக்கம், கொண்டுவருவது கெயின். 40 டெசிபல் என்றால் 100 மடங்கு, 60 என்றால் 1000 மடங்கு. அதற்குப் பிறகுதான் தொனியைத் திருத்தும் ஈக்யூ, மானிட்டருக்கு (கலைஞர்கள் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) போகும் ஆக்ஸ், ஃபேடர் எல்லாம். ஆகவே கெயினைத் தொட்டால் எல்லாமே மாறும். ஃபேடரைத் தொட்டால் சபைக்குப் போகும் ஒலி மட்டும் மாறும். மேடை மானிட்டருக்கு ஃபேடருக்கு முன்பே பிரித்து அனுப்பியிருப்போம், அது அசையாது.

பையன்களுக்கு இரண்டுமே வால்யூம். மேல் வால்யூம், கீழ் வால்யூம் என்கிறார்கள். போன வருடம் ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்துக்கு மைக்செட் போட்டோம். கட்டியக்காரர் சாதாரணமாகப் பேசும்போது குரல் போதவில்லை என்று என்னோடு வந்த பையன் மேல் குமிழைத் திருகிவிட்டான். அந்த மைக் பின்பாட்டுக்காரர்களின் மானிட்டரிலும் போய்க்கொண்டிருந்தது. ஊர் முழுக்க ஊளை. அதை அடக்குவதற்குள் துரியோதனன் வேடக்காரர் அதே மைக்கில் விருத்தம் எடுத்துவிட்டார். அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தது, பாட்டு முழுக்கப் பிசிறு. மணிக்கணக்கில் முகம் எழுதிக்கொண்டு வந்த கலைஞர் அவர். அவர் பாட்டைக் கெடுத்தது நாங்கள். பையனைத் திட்டி என்ன பயன்? இரண்டு குமிழுக்கும் அவன் கையில் இருந்தது ஒரே சொல்.

அதனால்தான் கேட்கிறேன். ஃபேடரோடு குழம்பாத ஒரு சொல் வேண்டும்.

கடலூர் மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், செவ்வாய் காலை

தம்பி, இதற்குத் தேடவே வேண்டாம். பள்ளிப் பாடத்தில் டிரான்சிஸ்டருக்கு மின்னோட்டப் பெருக்கம் என்று சொல்லித்தான் நடத்தினேன். பெருக்கம் என்று போடுங்கள். கூட்டல் இல்லை, பெருக்கல்தான் நடக்கிறது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. நீங்களே 100 மடங்கு, 1000 மடங்கு என்று எழுதியிருக்கிறீர்களே.

வில்லியனூர் ஒலியமைப்பாளர், செவ்வாய் மதியம்

ஐயா, முதலில் அதைத்தான் எழுதினேன். ஆனால் ஆம்ப்ளிஃபையரைக் கையேட்டில் பெருக்கி என்று சொல்லியிருக்கிறேன். பெருக்கத்தைக் குறை என்றால் பையன் எழுந்து ஆம்ப் இருக்கும் பக்கம் போய்விடுவான்.

திருப்பாதிரிப்புலியூர், தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), செவ்வாய் இரவு

அன்பு நண்பர்களே,

பெருக்கம் என்ற பொருளுக்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாகக் கிடக்கும் ஒரு சொல்லை யாரும் எடுக்கவில்லை என்பது எனக்கு வருத்தம். தொல்காப்பிய உரியியலில் 'ஏ பெற்றாகும்' என்று ஒரு நூற்பா உண்டு. ஏ என்னும் உரிச்சொல்லுக்குப் பொருள் பெற்று. பெற்று என்றால் பெருக்கம். 'ஏகல் அடுக்கம்' என்பது பெரிய கற்களை அடுக்கியது போன்ற மலை.

இப்போது பெற்று என்ற சொல்லைப் பாருங்கள். அடி பெறு. பெறுதலும் அதில் இருக்கிறது, பெருகுதலும் அதில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லிலும் அடைதல், கூடுதல் இரண்டும் உண்டல்லவா? இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? பெறு, பேறு, பெற்றி என்று ஒரு குடும்பமே பின்னால் வரும். பெற்றத்தையும் இதோடு சேர்க்கலாம். பெற்றம் என்றால் மாடு. ஒருவன் பெற்ற செல்வம் என்பதால் அந்தப் பெயர் என்று கொள்ள இடம் உண்டு. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

என் முன்மொழிவு: பெற்று.

புதுச்சேரி, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், புதன் காலை

ஐயா, நூற்பா அருமை. ஆனால் 'பெற்றைக் குறை' என்று அச்சில் படிக்கும் பையன் அச்சுப்பிழை என்று நினைப்பான். 'பெற்று' என்று தனியாக நின்றால் எதைப் பெற்று என்று அடுத்த சொல்லைத் தேடுவான். அது எச்சமாகவே நம் காதில் விழுகிறது. மாடு வரை போய்விட்டோம், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

நான் கெயின் என்றே போடச் சொல்வேன். காரணம் சோம்பல் இல்லை. அந்தக் குமிழின் மேல் ஆங்கிலத்தில் நாலு எழுத்து அச்சிட்டிருக்கிறது. கண் ஒன்றைப் படிக்க, கையேடு வேறொன்றைச் சொன்னால், இருட்டில், கூட்டத்துக்கு நடுவில், அவன் எதை நம்புவான்? நான் திரைக்கு மொழிபெயர்க்கும்போது பொத்தானையே தமிழில் மாற்ற முடிகிறது. இங்கே பொத்தான் இரும்பில் இருக்கிறது.

நம் ஊரில் பத்தாண்டு வாழ்ந்த பாரதியும் மெம்பர் என்ற சொல்லுக்குத் தமிழ் தேடியவர்தான். அவயவி, அங்கத்தான், உறுப்பாளி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக் கடைசியில் மெம்பர் என்றே எழுதினார். வடவெழுத்து ஒரீஇ, அதாவது வடவெழுத்தை விட்டு, வந்தால் வடசொல்லும் சொல்லே என்று தொல்காப்பியர் வழிவிட்டார். கெயின் தமிழெழுத்தில் உறுத்தாமல் உட்காருகிறது.

திருப்பாதிரிப்புலியூர், தமிழ்ப் பேராசிரியர், புதன் மதியம்

> கடைசியில் மெம்பர் என்றே எழுதினார்

அம்மா, அவர் இன்னும் ஆர அமர யோசித்துச் சரியான சொல்லோடு வருகிறேன் என்றும் எழுதினார். அதை விடக்கூடாது. இன்று உறுப்பினர் என்று சொல்லாத ஆள் உண்டா? உறுப்பு வரை வந்தவருக்கு 'இனர்' மட்டும் அகப்படவில்லை. நாம் தேடுவது அந்த 'இனர்'.

நீங்கள் எடுத்த வடசொல் நூற்பா இருக்கும் அதே எச்சவியலின் முதல் நூற்பா 'செய்யுள் ஈட்டச் சொல்லே' என்று முடிகிறது. ஈட்டம்! ஈட்டுதல், சேர்த்தல், சம்பாதித்தல். பெற்று கசந்தால் இதை எடுங்கள்.

வில்லியனூர் ஒலியமைப்பாளர், புதன் இரவு

ஈட்டம் என்றதும் என் கடைப் பையனிடம் கேட்டுப் பார்த்தேன். வருமானமா அண்ணா என்றான். வேண்டாம்.

தனிமடலில் இரண்டு பேர் கேட்டதற்கும் சேர்த்துப் பதில்: மிக்ஸரை மிக்ஸர் என்றே விட்டிருக்கிறேன். ஒலிக்கலவி என்று ஒருவர் சொன்னார். கலவிக்கு இலக்கியத்தில் உள்ள பொருளை வைத்துக்கொண்டு வகுப்பில் அதைச் சொல்ல முடியாது. ஃபீட்பேக்குக்கு ஊளை. அதில் மாற்றம் இல்லை, தொழிலில் எல்லாரும் சொல்வது அதுதான்.

கடலூர் மஞ்சக்குப்பம், இயற்பியல் ஆசிரியர், புதன் இரவு

ஊளை விளைவு, பின்னூட்டம் காரணம். பெருக்கிச் சுற்றுக்குள் எதிர்ப்பின்னூட்டம், அதாவது வெளிவருவதில் ஒரு பங்கைத் திருப்பி எதிராகச் சேர்ப்பது, எப்போதும் வேலை செய்கிறது, ஊளையே இல்லாமல். வெளியே போன ஒலி மைக்குக்குத் திரும்பி, ஒரு சுற்றில் முன்னைவிடப் பெரிதாகும்போதுதான் ஊளை. கையேட்டில் இரண்டு சொல்லும் இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காட்டுமன்னார்கோயில், விவசாயி, வியாழன் அதிகாலை

வணக்கம். நான் மிக்ஸரைத் தொட்டதில்லை. ஆனால் திங்கள்கிழமை மடலை இரண்டு முறை படித்தேன், எனக்கு வீராணம் ஏரிதான் தெரிந்தது.

கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் ஏரிக்கு வருகிறது. அது வரத்து. இன்று வரத்து எவ்வளவு என்றுதான் இங்கே காலையில் கேட்போம். ஏரியிலிருந்து மதகு வழியாக வயலுக்குப் போகிறது. ஒரு மதகை ஏற்றி இறக்கினால் அந்த வாய்க்காலுக்கு மட்டும் தண்ணீர் கூடும், குறையும். வரத்து மாறினால் எல்லா மதகுக்கும் மாறும். நீங்கள் சொன்ன வித்தியாசம் இதுதானே?

ஆக்ஸ் என்பது கிளை வாய்க்கால். சிவப்பு விளக்கு எரிவது தண்ணீர் கரையை வழிவது. ஏரியில் கரை உயரம் வரைக்கும் தண்ணீர் நிறுத்த மாட்டார்கள். காற்றுக்கும் அலைக்கும் என்று கொஞ்சம் விட்டு வைப்பார்கள். கட்டியக்காரர் பேசும் மட்டத்தில் நிரப்பிவிட்டால் துரியோதனன் வரும்போது வழியத்தானே செய்யும்?

கெயின் வரத்து, ஃபேடர் மதகு. எந்தப் பையனுக்கும் விளக்க வேண்டாம்.

வில்லியனூர் ஒலியமைப்பாளர், வியாழன் காலை

அண்ணா, இதைப் படித்துவிட்டுக் கையேட்டில் மூன்று பக்கத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். கரைக்குக் கீழே விடும் இடத்தை விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. டிஜிட்டல் மிக்ஸரில் 0 தான் கரை, அதற்கு மேல் எதுவும் கிடையாது, ஆகவே சாதாரணப் பேச்சை மைனஸ் 18 டெசிபல் பக்கம் வை என்று எழுதியிருந்தேன். ஃபேடரில் உள்ள 0 வேறு. அங்கே 0 என்றால் வந்தது வந்தபடி போகும் என்று பொருள். இரண்டு பூஜ்யமும் ஒன்றென்று நினைத்து எத்தனையோ பேர் குழம்பியிருக்கிறார்கள். இனி முதல் பூஜ்யம் கரை, இரண்டாவது திறந்த மதகு.

கடலூர் மஞ்சக்குப்பம், இயற்பியல் ஆசிரியர், வியாழன் மதியம்

வரத்து அழகான சொல். ஆனால் ஒரு குறை. வரத்து என்பது வருகிற அளவு. அதை வீராணத்தில் யாரும் உண்டாக்குவதில்லை. மைக்கிலிருந்து வருவதுதான் உண்மையில் வரத்து, பாடகர் மெல்லப் பாடினால் வரத்து குறைவு. குமிழ் செய்வது வேறு வேலை. பள்ளத்தில் கிடக்கும் தண்ணீரை வெளியிலிருந்து சக்தி கொடுத்து வாய்க்கால் மட்டத்துக்குத் தூக்குகிறது. அதற்கு எங்கள் தாத்தா காலத்தில் கிணற்றடியில் ஏற்றம் இருந்தது. அதன் நீண்ட மரமான துலாவில் ஏறி மிதிக்கும் ஆள்தான் மின்சாரம்.

ஏற்றம் என்று வைத்தால் என்ன?

திருப்பாதிரிப்புலியூர், தமிழ்ப் பேராசிரியர், வியாழன் மதியம்

ஏற்றம்! ஏறு, ஏணி, ஏந்து எல்லாவற்றிலும் அந்த ஏ நிற்கிறது பாருங்கள், செவ்வாய் இரவு நான் சொன்ன அதே ஏ. பெற்றைத் திரும்பப் பெறுகிறேன். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டில்லை என்பார்கள். இதற்கும் எதிர்ச்சொல் வராது.

வில்லியனூர் ஒலியமைப்பாளர், வியாழன் இரவு

ஐயா, மன்னிக்க வேண்டும், எதிர்ச்சொல் என்னிடமிருந்தே வருகிறது. பாடகர் மேடையிலிருந்து கையை மேலே காட்டினால், 'ஏத்துடா' என்றுதான் நான் பையனிடம் சொல்வேன். அவன் ஃபேடரைத்தான் தள்ளுவான், தள்ளவும் வேண்டும். ஏற்று, இறக்கு இரண்டும் ஃபேடருக்குச் சொந்தமாகிவிட்ட சொற்கள். கெயினுக்கு ஏற்றம் என்று பெயர் வைத்தால் எந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தோமோ அது இரண்டு மடங்காகும்.

முதலேற்றம் என்று சொன்னால் பிரியும் என்று தோன்றுகிறது. முதலில் ஒரே தடவை தூக்கி வைப்பது, பிறகு தொடக்கூடாதது. கலைஞரை உரக்கப் பாடச் சொல்லி முதலேற்றம் வை, கச்சேரி தொடங்கியபின் ஃபேடரோடு நில் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

திருப்பாதிரிப்புலியூர், தமிழ்ப் பேராசிரியர், வியாழன் இரவு

சேர்த்தே எழுதுங்கள். உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பு என்பது நன்னூல். பிரித்தால் முதல் தடவை ஏறியது என்று பொருள் போய்விடும்.

புதுச்சேரி, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், வெள்ளி காலை

முதலேற்றம் கெயினைவிட இரண்டு மடங்கு நீளம். ஓடிக்கொண்டே கத்த முடியாது. ஆனாலும் உங்கள் ஒரு வரி நன்றாக இருக்கிறது. நான் கெயின் பக்கமே நிற்கிறேன்.

வில்லியனூர் ஒலியமைப்பாளர், வெள்ளி மதியம்

அச்சகத்துக்குக் கிளம்புகிறேன். மடலிலும் தனியாகவும் வந்ததைச் சேர்த்து: முதலேற்றம் 6, கெயின் 4, வரத்து 3. முதலேற்றம் என்று போட்டு, முதல் பக்கத்தில் மட்டும் 'குமிழில் கெயின் என்று இருப்பது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஏரிப் படம் நாலாம் பக்கத்தில். ஊளையும் பின்னூட்டமும் தனித்தனியாக இருக்கின்றன ஐயா.

வில்லியனூர் ஒலியமைப்பாளர், ஞாயிறு இரவு

வகுப்பு நல்லபடி முடிந்தது. 17 பேர் வந்தார்கள். மிக்ஸரை முதலில் போட்டு ஆம்பைக் கடைசியில் போடுவது, அணைக்கும்போது ஆம்பை முதலில் அணைப்பது, மானிட்டரை மைக்கின் முதுகுப் பக்கம் வைப்பது எல்லாம் கையால் செய்து பார்த்தார்கள். குமிழ்களுக்கு மேல் வெள்ளை டேப் ஒட்டி முதலேற்றம் என்று எழுதி வைத்தேன். மதியத்துக்குமேல் ஒருவன்கூட மேல் வால்யூம் என்று சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நெட்டப்பாக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் எழுந்து, 'அப்போ ஃபேடர் ரெண்டாவது ஏற்றமா அண்ணா?' என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஃபேடர் பெரும்பாலும் குறைக்கத்தான், மேலே மிச்சம் இருப்பது 10 டெசிபல்தான். இல்லை, அது மதகு என்று ஏரிப் படத்தைக் காட்டினேன். தலையாட்டினான்.

காட்டுமன்னார்கோயில், விவசாயி, திங்கள் அதிகாலை

படத்தைக் காட்டித்தானே புரியவைத்தீர்கள்? படத்தில் இருப்பது ஏரி. ஏரிக்கு ஏற்றம் கிடையாது, வரத்துதான். அடுத்த வகுப்புக்கு அச்சடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை எழுதுங்கள், நான் நேரில் வருகிறேன்.