சுங்குடிச் சேலைக்கு என்ன எழுதினால் ஆட்கள் நின்று படிப்பார்கள்?

மகால்பக்கத்து சுங்குடி:
வணக்கம். மதுரை மகால் பக்கம் வீட்டு முன்னறையிலேயே சுங்குடிச் சேலை விற்கிறோம். அம்மா சின்ன வயதிலிருந்து முடிச்சுக் கட்டுகிறவர், அதாவது சாயத்தில் முக்குவதற்கு முன் புள்ளி விழ வேண்டிய இடத்தில் எல்லாம் துணியை நூலால் கட்டுகிறவர். நேரில் வருகிறவர்கள் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு ஒரு சேலையாவது எடுத்துக்கொண்டுதான் போவார்கள். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போடத்தான் எனக்கு எழுத வரவில்லை. அதனால் ஒருவரிடம் மாதம் 4,000 ரூபாய் கொடுத்து எழுதி வாங்கினேன். "பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் உன்னதப் படைப்பு! மங்கையர் மனம் கவரும் சுங்குடி! இன்றே அணுகுங்கள்!" எல்லாமே இந்த மாதிரிதான். மூன்று மாதம் ஓடிவிட்டது. லைக் போடுகிறவர்கள் முக்கால்வாசி சொந்தக்காரர்கள், வெளியாள் ஒருவர்கூட விலை என்ன என்று கேட்கவில்லை. கதை சொல்லி விற்க வேண்டும் என்கிறார்கள், எங்களிடம் என்ன கதை இருக்கிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அதைப் பெரிதாகப் போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லூர் அச்சகம்:
தங்கச்சி, அந்த மூன்று வரியில் சுங்குடி என்பதை எடுத்துவிட்டுப் பட்டு என்று போட்டுப் பாருங்கள், பொருந்தும். வெண்கலக் குத்துவிளக்கு என்று போட்டாலும் மங்கையர் வரியைத் தவிர எல்லாம் பொருந்தும். எதற்கு வேண்டுமானாலும் ஒட்டுகிற வரியைப் படிக்கிறவர் தாண்டிப் போய்விடுவார். நான் 20 வருடமாக நோட்டீஸ் அடிக்கிறேன், சின்னக் கடைக்காரர்கள் பெரிய கடையின் நோட்டீஸைக் கொண்டுவந்து இதே மாதிரி போடுங்கள் என்பார்கள். பெரிய கடையின் பெயர் ஏற்கெனவே ஊருக்குத் தெரியும், அவர்கள் என்ன எழுதினாலும் கூட்டம் வரும். நமக்கு அப்படி இல்லையே.

உங்கள் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அம்மா அரை மணி நேரம் பேசுகிறார், சேலை போகிறது. அப்படி என்னதான் பேசுகிறார்? அடுத்த முறை ஆள் வரும்போது, வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செல்போனில் பதிவு செய்யுங்கள், அப்புறம் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். எழுத உட்கார்ந்தால் மேடைப் பேச்சுத் தமிழ் வந்துவிடும், பேசினதை எழுதினால் வராது.

திருமங்கலம் டீச்சர்:
நான் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். கைக்கட்டு என்று போட்டிருந்த ஒரு சேலையைப் போன வருடம் ஆன்லைனில் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் புள்ளி எல்லாம் ஒரே அளவு, நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை, துணியைத் தடவினால் மொழுமொழு என்று இருந்தது. கையால் கட்டினதில் முடிச்சு இருந்த இடத்தில் ஒரு சின்னச் சுருக்கம் நிற்கும், விரலுக்கே தெரியும். எனக்கு வந்தது மெழுகு அச்சு, முடிச்சுக் கட்டாமல் மெழுகை அச்சால் ஒற்றிப் புள்ளி போட்டது. மெழுகு அச்சை நான் குறை சொல்லவில்லை, தினமும் பள்ளிக்கூடத்துக்கு அதைத்தான் கட்டிப் போகிறேன், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் எது எது என்று சொல்லி விற்க வேண்டாமா?

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: கைக்கட்டா, அச்சா, எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி உண்டா, சாயம் போகுமா, எப்படித் துவைப்பது, என்ன விலை. விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள் என்று போட்டிருந்தால் நான் கேட்கவே மாட்டேன், ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்று தோன்றும். சாயம் போகும் என்றால் போகும் என்றே எழுதிவிடுங்கள், அப்படி எழுதுகிற கடையைத்தான் நான் நம்புவேன்.

சின்னாளபட்டி தறி:
டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. புவிசார் குறியீட்டைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தாராளமாகப் போடுங்கள், ஆனால் தலைப்பில் வேண்டாம். வருடத்தை மட்டும் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. மதுரைச் சுங்குடி என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி போதும்.

இன்னொன்று, கதை என்றதும் சிலர் வறுமையை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள், கண் மங்கிப்போச்சு, கை நோகுது, எங்களை ஆதரியுங்கள் என்று. அம்மாவை அப்படி எழுதாதீர்கள். அவர் கைவேலைக்காரர், பரிதாபத்துக்கு ஒரு சேலை வாங்குகிறவர் இரண்டாவது சேலைக்கு வர மாட்டார். அவர் செய்கிற வேலையை எழுதுங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்புகிறீர்களா? ஒரு லிஸ்டில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும், அதிலும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். எழுத்து நன்றாக இருந்தும் போகாமல் கிடக்கலாம். கடைக்கு வருகிறவர்களிடம் அங்கேயே நம்பரைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

மகால்பக்கத்து சுங்குடி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ஒரு அக்கா மகளோடு வந்திருந்தார், கேட்டுவிட்டு அம்மா பேசியதைப் பதிவு செய்தேன். இத்தனை வருடம் கூடவே இருந்தும் நான் காது கொடுத்துக் கேட்காதது நிறைய இருந்தது. சாயம் காய்ந்த பிறகு துணியை இழுத்துப் பிடிக்கும்போது நூல் தெறித்து விழுந்து உள்ளே இருக்கிற வெள்ளை தெரியும் இல்லையா, அந்த நேரம் இப்போதும் தனக்கு ஆசையாக இருக்கும் என்று சொன்னார். எந்த முடிச்சு இளகிச் சாயம் உள்ளே போயிருக்கும் என்று அதுவரைக்கும் தெரியாதாம். இதை வைத்து எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"கத்தரிப்பூ நிறம், வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் துணியை நகத்தால் கிள்ளி நூல் சுற்றிக் கட்டியது. அதனால் ஒன்று கொஞ்சம் பெரிதாகவும் பக்கத்தில் இருப்பது சிறிதாகவும் இருக்கும். கட்டி முடிக்க அம்மாவுக்குப் பதினோரு நாள் ஆனது. முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சு இளகி, புள்ளி பாதிதான் விழுந்திருக்கிறது, இரண்டாவது படத்தில் பாருங்கள். ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி கிடையாது. முதல் இரண்டு முறை சாயம் போகும், தனியாக அலசி நிழலில் காயப்போடுங்கள். விலை 2,400 ரூபாய். அழகிய கைவண்ணம்!"

செல்லூர் அச்சகம்:
கடைசி இரண்டு வார்த்தையை எடுத்துவிடுங்கள் தங்கச்சி. மற்றதில் கை வைக்காதீர்கள்.

திருமங்கலம் டீச்சர்:
அந்தப் பாதிப் புள்ளிச் சேலை இன்னும் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை மதுரை வருகிறேன், எடுத்து வையுங்கள்.