பழைய டியூப் மொனிட்டரில் எழுத்துக்கு நிழல், காலையில் ஒளிக்கசிவு: உதவி தேவை

கேள்வி (உட்துறைமுக வீதி, திருகோணமலை)
அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். அப்பாவின் போட்டோகொப்பி கடையில் 17 அங்குல டியூப் மொனிட்டர் ஒன்று இன்னும் ஓடுகிறது. பாமினி எழுத்துருவில் கடிதம் அடிக்க அவருக்கு அந்தத் திரைதான் கண்ணுக்குப் பழக்கம், மாற்ற மனமில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கத்தில் மெல்லிய நிழல் விழுகிறது. காலையில் போட்டதும் எழுத்தைச் சுற்றி ஒளி பரவி மங்கலாக இருக்கும், அரை மணித்தியாலம் போனால் ஓரளவு தெளியும். கறுப்பு இடங்கள் சாம்பலாகத் தெரிகின்றன, அதற்குள் சரிந்த வெள்ளைக் கோடுகள் வேறு. மாரி தொடங்கிய பிறகு எல்லாம் கூடிவிட்டது. 1024×768, 85 ஹேர்ட்ஸில் ஓடுகிறது. எங்கே தொடங்குவது?

பதில் (மட்டக்களப்பு)
தம்பி, இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்: நிழல் ஒன்று, மங்கலும் கோடுகளும் இன்னொன்று. ஒன்றாகப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள். மொனிட்டரின் பட்டனை அமத்தி அதன் சொந்த மெனுவைத் திரையில் கொண்டுவாருங்கள். அந்த மெனுவை மொனிட்டரே உள்ளுக்குள் உருவாக்குகிறது, கேபிள் வழியாக வருவதில்லை. மெனு எழுத்திலும் நிழல் இருக்கிறதா? இன்னொன்று, கேபிளில் நடுவே ஏதும் நீட்டிப்பு இருக்கிறதா?

கேட்டவர்
மெனுவில் நிழல் இல்லை அண்ணா. ஆனால் காலையில் மெனுவும் மங்கல்தான். கணினி மேசைக்குக் கீழே தள்ளி இருப்பதால் நீட்டிப்பு கேபிள் போட்டிருக்கிறோம்.

பதில் (மட்டக்களப்பு)
அப்போ நிழல் கேபிளில்தான். விஜிஏ சிக்னல், அதாவது கணினியிலிருந்து மொனிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் சிக்னல், 75 ஓம் தடையுள்ள பாதையில் போக வேண்டும். மலிவு நீட்டிப்பில் அந்த மூட்டு பொருந்தாமல் சிக்னலின் ஒரு பகுதி திரும்பி எதிரொலிக்கும். எதிரொலி சற்றுப் பிந்தி வந்து சேருவதால்தான் நிழல் வலப்பக்கம் விழுகிறது. நீட்டிப்பைக் கழற்றி நேராகச் செருகிப் பாருங்கள். புதிதாக வாங்கினால் தடித்த கேபிளாகப் பாருங்கள். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கவசக் கம்பி இருக்க வேண்டும், விரல் மொத்தம்கூட இல்லாத கேபிளில் அது பெரும்பாலும் இருக்காது. உடனே கேபிள் கிடைக்காவிட்டால் 75 ஹேர்ட்ஸுக்கு இறக்குங்கள். 85 இல் பிக்சல் வேகம் 94.5 மெகாஹேர்ட்ஸ், 75 இல் 78.75. வேகம் குறைந்தால் கேபிளுக்குப் பாரம் குறையும். 60 வரை போகாதீர்கள், அப்பாவின் கண்ணுக்குத் திரை துடிப்பது தெரியும்.

பதில் (நிலாவெளி)
என்னிடம் இருப்பது தட்டையான எல்சிடி, அதிலும் விஜிஏ இணைப்பில் எழுத்து இரட்டையாகத் தெரிந்தது. ஆட்டோ பட்டனை அமத்த ஃபேஸ் (திரை சிக்னலைப் பிடிக்கும் நேரப் பொருத்தம்) சரியாகி நேரானது. டியூப்பில் அந்த வேலை இல்லை.

கேட்டவர்
நீட்டிப்பை எடுத்து, கணினியை மேசைமேல் வைத்து நேராகச் செருகினேன். நிழல் போய்விட்டது, அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம்! காலை மங்கலும் வெள்ளைக் கோடுகளும் அப்படியே இருக்கின்றன.

பதில் (மட்டக்களப்பு)
நல்லது. மிச்சம் மொனிட்டருக்குள் இருக்கிறது, அதைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிக்சர் டியூப்பில் 25,000 வோல்ட் அளவு ஏறும், பிளக்கைக் கழற்றிய பிறகும் சார்ஜ் தங்கியிருக்கும். தயவுசெய்து நீங்கள் கை வைக்க வேண்டாம்.

டியூப்பின் கழுத்தில் மாட்டியிருக்கும் சொக்கெட்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதில் படத்தைக் கூர்மையாக்கும் ஃபோக்கஸ் முனைக்கு அருகே ஒரு சிறு இடைவெளி இருக்கும். ஈரமான உப்புக்காற்று அந்த இடத்தை அரித்தால் ஃபோக்கஸ் மின்னழுத்தம் கசியும். சூடேறி ஈரம் காய்ந்ததும் படம் தெளிவதற்குக் காரணம் அதுவே. கடற்கரை ஊரில், அதுவும் மாரியில், இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

வெள்ளைக் கோடுகள் தெரிவது, பிளைபேக்கில் (டியூப்புக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் மின்மாற்றியில்) ஸ்கிரீன் என்று குறித்திருக்கும் திருகின் மின்னழுத்தம் கூடியிருப்பதன் அடையாளம். ஆனால் சொக்கெட்டைக் கழற்றிப் பார்க்காமல் அந்தத் திருகை யாரும் தொடக்கூடாது. சொக்கெட்டில் கசிவு இருந்தால் சில வேளை ஸ்கிரீன் அளவும் அதனால் தள்ளிப்போயிருக்கும். திருகை முதலில் குறைத்துவிட்டுப் பிறகு சொக்கெட்டை மாற்றினால் படம் இருண்டுபோகும். சொக்கெட் மாற்றிய பின், மொனிட்டரை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, கறுப்பு கறுப்பாகவே தெரியும் வரைக்கும் மட்டும் திருகை மெல்லக் குறைக்கச் சொல்லுங்கள்.