புதுப்பிப்பு: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் குடும்ப மருத்துவர் உரிமம் கிடைத்துவிட்டது

இந்தியாவில் குடும்ப மருத்துவம் படித்த நான் கனடாவில் மறுபடியும் ரெசிடென்சி (மருத்துவமனையில் பெறும் முதுநிலைப் பயிற்சி) செய்தாக வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி. தேவைப்படவில்லை.

வெளிநாட்டில் பயிற்சி முடித்த மருத்துவர்களை நேரடியாக மதிப்பிட்டு உரிமம் தரும் 'பிராக்டிஸ் ரெடி அசெஸ்மென்ட்' திட்டம் வழியாகப் போகச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. கனடா மருத்துவக் கவுன்சிலின் தேர்வுகள், நேர்காணல், பிறகு 12 வாரம் நோயாளிகளைப் பார்த்தபடியே மதிப்பீடு. இப்போது தற்காலிக உரிமம் கையில் இருக்கிறது. பதிலுக்கு 3 ஆண்டுகள் கிராமப்புறப் பணி. அதைத்தானே விரும்பினேன்!

எதிர்பாராத முட்டுக்கட்டை இனிஷியல். பட்டச் சான்றிதழில் 'கே' என்ற ஓரெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர். சான்றிதழ் சரிபார்ப்பு அங்கேயே நின்றது. இரண்டும் நானே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் அனுப்பிய பிறகே நகர்ந்தது. தேர்வுக் கட்டணம் கட்டும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.