2 வீல் டிரைவ் பிக்கப்புக்கு எல்எஸ்டி போட்டா வாய்க்கா கரையில ஏறுமா?

கோரையாத்துக்கரை:
வணக்கம் அண்ணே எல்லாருக்கும். எனக்கு ஊரு திருத்துறைப்பூண்டிக்கு தெக்க. வீட்ல ஒரு பிக்கப் இருக்கு, பின் வீல் டிரைவ் மட்டும்தான், லீஃப் ஸ்பிரிங். உரம் வெத ஏத்திக்கிட்டு வயலுக்குப் போறது, அறுப்பு முடிஞ்சா களத்துலேர்ந்து டிபிசிக்கு (அரசு நெல் கொள்முதல் நிலையம்) நெல்லு, நடுவுல வைக்கல் கட்டு, இதான் வேலை. தார் ரோட்டுல ஒரு குறையும் இல்ல. ஐப்பசி மழை புடிச்சிட்டா கரையில ஏறுனவொடனே பின்னாடி ஒரு வீலு மட்டும் நின்ன எடத்துலயே சுத்துது, இன்னொன்னு அசையவே மாட்டேங்குது, டிராக்டர் வந்து இழுத்தாத்தான் உண்டு, அந்த நேரத்துல டிராக்டர் எங்க சும்மா நிக்கிது. 4 வீல் டிரைவ் வாங்குற அளவுக்கு இப்ப கையில காசு இல்ல. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (எல்எஸ்டி) போட்டுக்க சரியாப் போயிரும்னு ஒருத்தர் சொல்றாரு. நெசமா வேலைக்கு ஆவுமா, எந்த டைப் போடணும், ரோட்டுல ஓட்டுறப்ப வம்பு எதும் வருமா?

குடந்தை கிரவுன்பினியன்:
தம்பி மொதல்ல ஏன் ஒரு வீலு மட்டும் சுத்துதுன்னு புரிஞ்சிக்கங்க. டிஃபரன்ஷியல்ங்கறது திருப்பத்துல ரெண்டு பின்வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கர அமைப்பு. சாதா டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கத்துக்கும் எப்பவும் ஒரே அளவு டார்க்தான் (சுத்துற முறுக்கு விசை) குடுக்கும். சேத்துல இருக்கற வீலு 10 தான் தாங்கும்னா கெட்டித் தரையில நிக்கிற வீலுக்கும் அதே 10தான் போவும், அது 100 தாங்கக்கூடிய எடமா இருந்தாலும் சரி, மொத்தம் 20, வண்டி நவுராது. கியர் டைப் எல்எஸ்டி (டார்சன் மாதிரி) போட்டு அதோட பயஸ் ரேஷியோ (பிடி உள்ள வீலுக்கு எத்தன மடங்கு டார்க் போவும்ங்கற கணக்கு) 2.5னு வச்சிக்கிட்டா 10க்கு 25, மொத்தம் 35. ஆனா ஒரு வீலு அந்தரத்துல தொங்குச்சுன்னா பூஜ்யத்த எதால பெருக்குனாலும் பூஜ்யம்தான், அப்ப லேசா பிரேக்க மிதிச்சிக்கிட்டே ஆக்சிலரேட்டர் குடுக்கணும். பிளேட் டைப் எல்எஸ்டில பிரீலோடு (பிளேட்ட முன்னாடியே அழுத்தி வச்சிருக்கறது) இருக்கறதால வீலு தூக்குனாலும் கொஞ்சம் இழுவை கெடைக்கும், ஆனா பிளேட்டு தேயும், ஜிஎல்-5 கியர் ஆயிலோட ஃபிரிக்ஷன் மாடிஃபையரும் (பிளேட்டு உரசல சீராக்குற மருந்து) ஊத்தணும், இல்லன்னா திருப்பத்துல கடகடன்னு சத்தம் வரும்.

மூணாவதா ஈட்டன் லாக்கர் இருக்கு. ரெண்டு வீலுக்கும் சுத்துற வேகத்துல சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்தா தானே முழுசா லாக் ஆயிரும், வேகம் எடுத்துட்டா லாக் ஆவாது. மகேந்திரா பொலிரோ நியோ என்10 (ஓ)ல கம்பெனியே இத போட்டு குடுத்துச்சு, அதுவும் வெறும் பின் வீல் டிரைவ் வண்டிதான். அதனால நீங்க கேக்கறது ஒண்ணும் நடக்காத காரியம் இல்ல.

மன்னை வடக்கு:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா கோரையாத்து தம்பி, நீங்க சொல்றது கரைங்கறதால இத சொல்லியே ஆவணும். நம்ம கரையெல்லாம் ஒரு பக்கம் சரிஞ்சிதான் கெடக்கும். சாதா டிஃபரன்ஷியல்ல ஒரு வீலு சுத்துறப்ப சும்மா நிக்கிற இன்னொரு வீலுதான் வண்டியோட பின்பக்கத்த சறுக்காம புடிச்சிட்டு இருக்கு. எல்எஸ்டியோ லாக்கரோ போட்டா களிமண்ணுல ரெண்டு வீலும் சேந்து சுத்தும், சேந்து சுத்துனா பக்கவாட்டு பிடிமானம் போயிரும், பின்பக்கம் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எறங்கும். ஒரு பக்கம் தண்ணி நெறஞ்ச வாய்க்கா, இன்னொரு பக்கம் வயலு. மாட்டிக்கிட்டு நின்னா டிராக்டர் வரும், வாய்க்காக்குள்ள எறங்குனா உசுருக்கே ஆபத்து. தயவுசெஞ்சு இத நல்லா யோசிங்க.

புதாத்துப் பாசனம்:
நான் ஒரத்தநாடு பக்கம். எங்களுக்கு செம்மண்ணு, மழைக்கு அப்பறமும் அடியில கெட்டியா இருக்கும், இங்க எல்எஸ்டி போட்டா நல்லா பலன் தெரியும், ஏன்னா ஏதோ ஒரு வீலுக்காவது பிடி கெடைக்குது. உங்க பக்கம் வெண்ணாத்து களி, டயர் ஒரு சுத்து சுத்துனா பட்டன் எல்லாம் அடைச்சி வழவழன்னு ஆயிரும், அப்ப ரெண்டு வீலுக்கும் பிடி இல்ல, எத போட்டு என்ன பண்றது. அதனால காச மொதல்ல டயர்ல போடுங்க, பெரிய பட்டனா நடுவுல இடைவெளி அகலமா இருக்கற லக் டயர். காலி வண்டியா போறப்ப ஆக்சிலுக்கு நேர் மேல நாலஞ்சு மணல் மூட்டைய போட்டுக்கங்க, வால் கதவு பக்கம் போடாதீங்க, முன்பக்கம் லேசாயி ஸ்டீரிங் கேக்காது. காத்த 25 பிஎஸ்ஐ கிட்ட எறக்குனா டயர் அகலமா உக்காரும், ஆனா லோடோட அப்படி ஓட்டக்கூடாது, தார் ரோட்டுக்கு வந்ததும் ஏத்திரணும்.

கோரையாத்துக்கரை:
ரொம்ப நன்றி அண்ணே. மன்னை அண்ணன் சொன்ன சறுக்கல் விஷயம் யாருமே சொல்லல. எனக்கு ரொம்ப மாட்டுறது எங்கன்னா கரைய குறுக்க வெட்டி மடை வச்சிருப்பாங்கல்ல, அத குறுக்கா தாண்டுறப்ப எடது பின்வீலு பள்ளத்துல தொங்கும், வலது வீலு கெட்டித் தரையிலதான் நிக்கும், அங்கதான் பாதி நேரம். ஒருத்தரு ஸ்டார் பினியன (டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்கற சின்ன பல்சக்கரம்) வெல்டு வச்சிரலாம், செலவே இல்லன்னாரு.

குடந்தை கிரவுன்பினியன்:
வெல்டு வைக்கவே வைக்காதீங்க தம்பி. தார் ரோட்டுல ஒவ்வொரு திருப்பத்துலயும் ரெண்டு வீலும் ஒரே வேகத்துல சுத்தணும்னு அடம் புடிக்கும், டயர் தேயும், நெல்லு லோடோட வளையுறப்ப ஆக்சில் ஷாஃப்ட் முறியும்.

நீங்க சொல்ற மடை விஷயம் வேற கதை. ஒரு வீலு தொங்குது இன்னொன்னு கெட்டியில நிக்குதுன்னா அதுக்குன்னே செஞ்சதுதான் லாக்கரும் பிளேட் டைப்பும். அதுக்கும் முன்னாடி காசு இல்லாத வழி ஒண்ணு பாத்துருங்க. உங்க ஹேண்ட் பிரேக் பின் டிரம்முல புடிக்கிறதா இருந்தா வீலு தொங்குற எடத்துல மொதல் கியர்ல மெதுவா போயி ஹேண்ட் பிரேக்க ரெண்டு மூணு பல்லு இழுங்க, சுத்துற வீலுக்கு தடை வரும், அந்த அளவு டார்க் கெட்டியில நிக்கிற வீலுக்கும் போவும், ஆனா அந்த வீலயும் அதே பிரேக் புடிக்கிறதால சாதா டிஃபரன்ஷியல்ல பெருசா பலன் எதிர்பாக்காதீங்க. தாண்டுனவொடனே விட்ருங்க, இழுத்துக்கிட்டே ஓட்டுனா லைனிங் கருகிரும்.

அதுலயும் சரிவரலன்னா யூனிட் வாங்குங்க, ஆனா ஆக்சில் ஷாஃப்ட் ஸ்ப்ளைன் எத்தன பல்லு, கிரவுன் (டிஃபரன்ஷியலோட பெரிய பல்சக்கரம்) போல்ட் எத்தன, பேரிங் நம்பர் என்ன, இத பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. மாட்டுறப்ப டயல் கேஜ் வச்சி பேக்லாஷ் (பல்லுக்கு நடுவுல இருக்கற இடைவெளி) பாத்து ஷிம் (மெல்லிசு தகடு) போடணும், கிரவுன்ல கலர் தடவி பல்லு எங்க படுதுன்னு பாக்கணும், கையால ஆட்டிப் பாத்து மூடுற ஆளுகிட்ட குடுக்காதீங்க, ஊளைச் சத்தம் வந்து கிரவுன் பினியன் ரெண்டும் போயிரும். பின்னாடி ரெண்டு டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானமா இருக்கணும். போட்டதுக்கப்பறம் ஒரு வீல மட்டும் ஜாக்கி வச்சி தூக்கிட்டு இஞ்சின ஸ்டார்ட் பண்ணி கியர் போடக்கூடாது, தரையில இருக்கற வீலு இழுத்து ஜாக்கியிலேர்ந்து வண்டி குதிச்சிரும். பஞ்சர் கடைக்காரர்கிட்டயும் இத சொல்லி வச்சிருங்க.

மன்னை வடக்கு:
மடைக்காகன்னா போடுங்க தம்பி. மழை நாள்ல அந்த சரிஞ்ச கரையில மட்டும் லோடோட போவாதீங்க, மூட்டைய மெயின் ரோட்டு வரைக்கும் டிராக்டர் டிரெய்லர்ல கொண்டாந்து மாத்திக்கங்க.